நாற்பது பீட்டா கீ, அறுநூறு பேர்: பங்கிடுவது எப்படி?

"மச்சி, எக்ஸ்ட்ரா கீ இருந்தா ஒண்ணு தள்ளேன்." புது கேம் ஒன்றின் பீட்டா அறிவிப்பு வந்த பத்தாவது நிமிடம் எல்லா கேமிங் குழுவிலும் இந்த வரி வந்து விழும். அதற்குள் மூன்று தவறான நினைப்புகள் ஒளிந்திருக்கின்றன. எல்லா பீட்டாவும் கீ, அதாவது கேமைத் திறக்கும் குறியீடு, வழியாகத்தான் வரும் என்பது ஒன்று. கீ யார் கையில் இருக்கிறதோ அவர்தான் அதற்குச் சொந்தக்காரர் என்பது இன்னொன்று. கிடைத்தால் அது இலவசப் பரிசு என்பது மூன்றாவது. குழுக்களில் வரும் மனக்கசப்புக்கும், போலி இணைப்பை அமுக்கிக் கணக்கையே பறிகொடுப்பதற்கும் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான் காரணம். அதனால் பீட்டா என்பது என்ன என்பதிலிருந்து தொடங்கி, கையில் கொஞ்சம் கீ வந்து சேர்ந்தால் ஒரு குழு அதை எப்படிப் பங்கிடலாம் என்பது வரை படிப்படியாகப் பார்ப்போம்.

## உப்பு பார்க்கத் தரும் சாம்பார்

கல்யாண வீட்டில் பந்தி போடுவதற்கு முன்பு சமையல்காரர் ஒரு சொட்டு சாம்பாரை யாராவது ஒருவரின் உள்ளங்கையில் விடுவார். அது பசிக்குத் தருவதல்ல. உப்பு சரியா, புளி தூக்கலா என்று கேட்கத் தருவது. வாங்கி நக்கிவிட்டு "நல்லாருக்கு" என்று நகர்ந்துவிட்டால் சமையல்காரருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

பீட்டா அந்தச் சொட்டு. கேமின் முக்கியப் பகுதிகள் எல்லாம் ஓரளவு முடிந்து, வெளியீட்டுக்கு முன் வெளியாட்களை விளையாடவிட்டுப் பிழைகளைக் கண்டுபிடிக்கும் கட்டம்தான் பீட்டா. அதற்கும் முந்தையது ஆல்ஃபா: பாதிச் சமையல், காய்கூட வெந்திருக்காது. தேர்ந்தெடுத்த சிலரை மட்டும் உள்ளே விட்டால் மூடிய பீட்டா. யார் வேண்டுமானாலும் வரலாம் என்றால் திறந்த பீட்டா.

இவற்றோடு குழம்பிப்போகும் இரண்டு சொற்கள் உண்டு. டெமோ என்பது இனிப்புக் கடையில் தரும் துண்டு. பிடித்திருந்தால் வாங்குங்கள் என்று தருவது. எர்லி ஆக்சஸ் என்பது இன்னும் முடியாத கேமைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு, முடியும்வரை கூடவே இருப்பது. இந்த இரண்டிலும் நீங்கள் வாடிக்கையாளர். மூடிய பீட்டாவில் நீங்கள் உப்பு பார்க்கும் ஆள். பங்கிடும்போது வரும் எல்லாக் கேள்விக்கும் பதில் இந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

## ஏன் இவ்வளவு கொஞ்சமாகத் தருகிறார்கள்?

"டிஜிட்டல்தானே, ஒரு லட்சம் கீ அடித்தால் என்ன செலவாகிவிடும்?" என்று கேட்பார்கள். கீ அடிக்கச் செலவில்லை என்பது உண்மைதான். செலவு வேறு இடத்தில் இருக்கிறது.

முதலாவது சர்வர். சோதனைக் கட்டத்தில் ஒன்றிரண்டு நகரங்களில் மட்டும் சர்வர் வைத்திருப்பார்கள். எத்தனை பேர் ஏறினால் அது திணறுகிறது என்று பார்ப்பதே சோதனையின் ஒரு பகுதி. அதனால் 500 பேர், பிறகு 2,000, பிறகு 10,000 என்று படியேற்றுவார்கள். எல்லோரையும் ஒரேயடியாக உள்ளே விட்டால் சர்வர் விழுந்தது தெரியும். எந்த இடத்தில் விழத் தொடங்கியது என்பது தெரியாது.

இரண்டாவது படிக்கும் கண்கள். ஒரு கதவு திறக்கவில்லை என்பதை 30 பேர் சொன்னாலே போதும். அதையே 30,000 பேர் எழுதினால், ஐந்தாறு பேர் உள்ள சோதனைக் குழு அந்தக் குவியலில் மூழ்கிப்போகும். அதற்குள் புதைந்திருக்கும் அரிய பிழை கண்ணில் படாமலே போய்விடும்.

மூன்றாவது ரகசியம். கதை, வரைபடம், புதிய ஆயுதங்கள் போன்றவை வெளியே கசியக்கூடாது என்றால் உள்ளே இருப்பவர்கள் எண்ணிவிடக்கூடிய அளவில் இருக்க வேண்டும். இதற்காகக் கையெழுத்தோ டிக்கோ வாங்கும் வாக்குறுதிக்கு என்டிஏ என்று பெயர்: பார்த்ததை வெளியே சொல்ல மாட்டேன், படம் பிடிக்க மாட்டேன், ஸ்ட்ரீம் (இணையத்தில் நேரலை) செய்ய மாட்டேன் என்ற ஒப்பந்தம்.

இதுவரை சொன்னதைத் திரட்டினால்: பீட்டா இடம் வேலைக்காகத் தரப்படும் இடம். அது குறைவாக இருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல. அளந்து பார்க்க முடிய வேண்டும் என்பதற்காக.

## எந்த வாசல் வழியாக உள்ளே போவது?

குழுக்களில் பாதிச் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. பங்கிடவே முடியாத ஒன்றைப் பங்கிடச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். உள்ளே போகும் வாசல்கள் நான்கு வகை. எது என்று தெரிந்துகொண்டுதான் அடுத்த பேச்சே.

ஒன்று, கீ. எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு தொடர். கணினி கேம்களை விற்கும் இணையக் கடையான ஸ்டீமில் பெரும்பாலும் ஐந்தைந்தாக மூன்று தொகுதி, நடுவில் கோடு. யார் முதலில் தன் கணக்கில் உள்ளிடுகிறாரோ அவருக்கு அது சேர்ந்துவிடும். குழு தன் விருப்பப்படி பங்கிடக்கூடியது உண்மையில் இது ஒன்றுதான்.

இரண்டு, அழைப்பு. ஏற்கெனவே உள்ளே இருப்பவர் தன் நண்பர் பட்டியலிலிருந்து ஒருவரை அழைப்பது. ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனத்தின் டெட்லாக் கேம் 2024-இல் இப்படித்தான் பரவியது. விளம்பரமே இல்லை, உள்ளே இருந்தவர் ஸ்டீம் நண்பரை அழைத்தார், அவர் இன்னொருவரை அழைத்தார். அந்த ஆகஸ்டில் வால்வ் அதற்கு ஸ்டீமில் பக்கம் திறந்து வெளிப்படையாக ஒப்புக்கொண்ட சில வாரங்களில், ஒரே நேரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விளையாடிக்கொண்டிருந்தார்கள். இந்த வகையில் குழு பங்கிடுவது கீயை அல்ல, அழைக்கக்கூடிய ஆளின் நேரத்தை. யாரை அழைக்க வேண்டுமோ அவர் முதலில் ஸ்டீம் நண்பராக வேண்டும்; அழைப்பு அனுப்பியதும் உடனே வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. வந்து சேராத அழைப்புக்கு அழைத்தவரைத் திட்டுவது வீண்.

மூன்று, கோரிக்கை. ஸ்டீம் 2020-இன் இறுதியில் பிளேடெஸ்ட் என்ற வசதியைக் கொண்டுவந்தது. கேமின் பக்கத்தில் அனுமதி கேட்கும் பொத்தான் இருக்கும். அமுக்கியவர்களிலிருந்து நிறுவனம் தொகுதி தொகுதியாக ஆட்களை எடுக்கும். இங்கே கீயே கிடையாது. மொபைலிலும் இதே ஏற்பாடுதான். கூகுள் பிளேயில் உள்சோதனைப் பட்டியலில் அதிகபட்சம் 100 பேர். மூடிய சோதனைக்கு மின்னஞ்சல் முகவரிகளின் பட்டியலையோ கூகுள் குழுமத்தையோ சேர்ப்பார்கள். ஆப்பிளின் டெஸ்ட்ஃப்ளைட்டில் வெளியாட்கள் 10,000 பேர் வரை, ஒவ்வொரு பதிப்பும் 90 நாளில் காலாவதி. 2021 ஜூன் 17 அன்று பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியாவின் முன்னோட்டம் கூகுள் பிளேயின் சோதனையாளர் பட்டியல் வழியாகத் திறந்தபோது, "இடம் நிரம்பிவிட்டது" என்ற செய்தியை நம் ஊரில் பலரும் பார்த்திருப்பார்கள். அன்று எந்தக் குழுவிலும் பங்கிட எதுவும் இருக்கவில்லை. இடம் திறக்கும் நேரத்தில் அங்கே இருந்தவர்களுக்குக் கிடைத்தது.

நான்கு, நிறுவனமே நேராகக் கணக்கில் போடுவது. 2023 மார்ச் 22 அன்று கவுண்டர் ஸ்டிரைக் 2-இன் வரையறுக்கப்பட்ட சோதனை தொடங்கியபோது, வால்வின் அதிகாரபூர்வ சர்வரில் அண்மையில் எவ்வளவு நேரம் ஆடினார்கள், அவர்களுடைய நம்பிக்கை மதிப்பெண், ஸ்டீம் கணக்கின் நிலை ஆகியவற்றைப் பார்த்து ஆள் எடுப்பதாக அறிவித்தார்கள். கீயும் இல்லை, அழைப்பும் இல்லை. அதற்குக் "கீ தருகிறேன்" என்று வந்த ஒவ்வொருவரும் பொய்யர் என்று யோசிக்காமலே சொல்லிவிடலாம். ரயட் நிறுவனத்தின் வேலரன்ட் கேம் இதில் இன்னொரு மாதிரி. 2020 ஏப்ரல் 7 அன்று மூடிய பீட்டா தொடங்கியபோது, ரயட் கணக்கையும், ஸ்ட்ரீம் தளமான ட்விட்சின் கணக்கையும் இணைத்துவிட்டு ஸ்ட்ரீம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்குக் கணக்கிலேயே அனுமதி விழுந்தது. முதல் நாள் ட்விட்சில் ஒரே நேரத்தில் ஏறத்தாழ 17 லட்சம் பேர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுருக்கமாக: கீயைப் பங்கிடலாம். அழைப்பை ஓரளவு பங்கிடலாம். கோரிக்கையையும் நேரடி அனுமதியையும் பங்கிட முடியாது. எப்போது, எங்கே பதிவு செய்வது என்ற தகவலைத்தான் பகிர முடியும். அந்தத் தகவலை உடனே, எல்லோருக்கும் ஒரே நேரத்தில் சொல்வதே அங்கே குழு செய்யக்கூடிய நியாயம்.

## ஒரு கீக்குள் என்ன இருக்கிறது?

பழைய ரீசார்ஜ் கூப்பன் நினைவிருக்கிறதா? சுரண்டினால் எண் வரும். அதை யார் போனில் அடித்தாலும் பணம் ஏறும். ஒருமுறை ஏறிவிட்டால் அட்டை வெறும் காகிதம். கீயும் அப்படித்தான். கேம் அதற்குள் இல்லை. கடையின் தரவுத்தளத்தில் "இந்தத் தொடர் இன்னும் பயன்படவில்லை" என்று ஒரு வரி இருக்கிறது. நீங்கள் உள்ளிட்டதும் அந்த வரி "இன்னாருடைய கணக்கில் சேர்ந்தது" என்று மாறுகிறது. கணக்கில் சேர்ப்பதற்கு ரிடீம் என்று பெயர்.

இதிலிருந்து நான்கு விஷயங்கள் தெளிவாகும். ரிடீம் ஆன கீயை இன்னொருவருக்கு மாற்ற முடியாது. ரிடீம் ஆகாத கீயைப் பார்த்த எல்லோருமே அதற்குச் சொந்தக்காரர் ஆகக்கூடியவர்கள். கீயை உருவாக்கிய நிறுவனம் நினைத்தால் அதை ரத்து செய்யலாம், ரிடீம் ஆன பிறகும்கூட. சில கீகள் குறிப்பிட்ட நாடுகளில் மட்டுமே ஏற்கும்படி பூட்டப்பட்டிருக்கும். ஐரோப்பாவுக்கான கீயை மதுரையில் அடித்துவிட்டு "டூப்ளிகேட் கொடுத்துட்டான்" என்று கோபப்படுவதற்கு முன் இதைக் கவனிக்க வேண்டும்.

"அப்படியென்றால் கணக்கையே பகிர்ந்துகொள்ளலாமே, காலையில் நான், ராத்திரி நீ" என்று ஒரு யோசனை எப்போதும் வரும். வேண்டாம். கணக்கைப் பகிர்வது ஸ்டீமின் ஒப்பந்தத்துக்கு எதிரானது. அதைவிடப் பெரிய சிக்கல், அந்தக் கணக்கில் யார் ஏமாற்று மென்பொருள் போட்டு ஆடினாலும் தடை விழுவது கணக்குக்கு. பத்து வருடம் சேர்த்த கேம்கள் ஒரு வாரப் பீட்டாவுக்காகப் பணயம் வைக்கக்கூடியவை அல்ல.

## முந்தியவருக்கே என்றால் என்ன ஆகும்?

பெரும்பாலான குழுக்கள் செய்வது இதுதான்: நிர்வாகி கீகளை அப்படியே சேனலில் ஒட்டிவிடுவார், எடுத்துக்கொள்ள முடிந்தவர் எடுத்துக்கொள்ளட்டும். பார்க்க நியாயமாகத் தெரியும். நடப்பது வேறு.

பொதுச் சேனல்களைச் சதா கண்காணித்து, கீ வடிவத்தில் ஏதாவது தென்பட்டால் உடனே எடுத்து ரிடீம் செய்யும் நிரல்கள் இருக்கின்றன. பாட் என்பார்கள். மனிதர் ஒருவர் நகலெடுத்து ஒட்டுவதற்குள் அது முடித்துவிடும். பாட் இல்லாவிட்டாலும், அந்த நிமிடம் போனைக் கையில் வைத்திருந்தவருக்குத்தான் கிடைக்கும். ஷிப்டில் இருப்பவர், வகுப்பில் இருப்பவர், வேறு நாட்டில் தூங்கிக்கொண்டிருப்பவர் எல்லோரும் வெளியே. இன்னொன்றும் நடக்கும்: கிடைக்காத ஐம்பது பேர் அதே நாற்பது கீயையும் ஒவ்வொன்றாக அடித்துப் பார்ப்பார்கள். தொடர்ந்து தவறினால் ஸ்டீம் "முயற்சிகள் அதிகமாகிவிட்டன, பிறகு வாருங்கள்" என்று அந்தக் கணக்கைச் சிறிது நேரம் நிறுத்திவைக்கும். நல்ல கீ கையில் இருப்பவரும் இதில் மாட்டிக்கொள்வார்.

ஒரு எழுத்தை மறைத்து, அந்த இடத்தில் புதிர் வைப்பதும் பாட்டைத் தடுக்கும். ஆனால் ஆளுக்கு ஆள் பார்க்கும் வாய்ப்பைச் சமமாக்காது. நிர்வாகி தனக்குத் தெரிந்தவர்களுக்குத் தனிச் செய்தியில் கொடுத்துவிடுவது இன்னும் மோசம். கீ நாற்பது பேருக்குப் போகும். நம்பிக்கை அறுநூறு பேரிடமிருந்தும் போகும்.

## உத்திரமேரூர்க் குடம்

குறைந்த இடம், நிறைய ஆள் என்ற சிக்கலுக்குக் கல்லில் எழுதிவைத்த விடை ஒன்று நம்மிடம் இருக்கிறது. காஞ்சிபுரம் மாவட்டம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில், 919-ஐயும் 921-ஐயும் ஒட்டி வெட்டப்பட்ட கல்வெட்டுகள் குடவோலை முறையை விவரிக்கின்றன. ஊர் 30 குடும்புகளாக, அதாவது வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சபை கூடியிருக்க, உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவனை எடுக்கச் சொன்னார்கள். ஓலையை வாங்குபவர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் வாங்க வேண்டும் என்றுகூட எழுதியிருக்கிறார்கள். விரல் மடங்கினால் ஓலை மாறலாம் அல்லவா. அண்மை மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் (ஊர் நிர்வாகக் குழுவில்) இருந்தவருக்கும், இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் இடமில்லை.

அந்தத் தகுதி விதிகள் நிலமும் வேதக் கல்வியும் சார்ந்தவை; அவற்றைப் பின்பற்றச் சொல்லவில்லை. எடுக்கும் முறையைப் பாருங்கள். முதலில் தகுதி, பிறகு குலுக்கல். எடுப்பவருக்கு முடிவில் பங்கில்லை. எல்லோர் கண்முன்னாலும் நடக்கிறது. போன முறை பெற்றவர் இந்த முறை ஒதுங்குகிறார். பொறுப்பைச் செய்யாதவர் மறுபடி வரமுடியாது. பீட்டா கீக்கு இந்த ஐந்தும் அப்படியே பொருந்தும்.

## 40 கீயை வைத்து ஒரு கணக்கு

ஐந்து பேர் அணியாக ஆடும் ஒரு கேம், குழுவில் 600 பேர், நிறுவனம் தந்தது 40 கீ என்று வைத்துக்கொள்வோம். முதலில் நிறுவனத்தின் கடிதத்தைப் படியுங்கள். பங்கிட அனுமதி உண்டா, என்டிஏ உண்டா, எந்த நாடுகள், எந்தத் தேதி வரை என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் கேளுங்கள், பதில் வரும்வரை குழுவில் வாயைத் திறக்காதீர்கள்.

பிறகு ஒரு விண்ணப்பப் படிவம், மூன்று நாள் திறந்திருக்கட்டும். கேட்க வேண்டியவை: ஸ்டீம் கணக்கின் இணைப்பு, கணினியின் கிராஃபிக்ஸ் கார்டும் ரேமும், சோதனை நாட்களில் எந்தெந்த நேரம் ஆட முடியும், பிழைக் குறிப்பு எழுதித் தருவீர்களா. கடவுச்சொல், ஆதார் எண், வீட்டு முகவரி போன்ற எதையும் கேட்கக்கூடாது. கேட்கும் படிவத்தை நிரப்பவும் கூடாது. தகுதி எளிமையாக இருக்கட்டும்: குழுவில் சேர்ந்து 30 நாளாவது ஆகியிருக்க வேண்டும், ஒருவருக்கு ஒரு விண்ணப்பம். இந்த 30 நாள் விதி முக்கியம். கீ செய்தி கேட்டதும் ஒருவரே ஆறு பெயரில் நுழைவார். அப்படி ஒருவர் வைத்திருக்கும் கூடுதல் கணக்குக்கு ஆல்ட் என்று பெயர். அறிவிப்புக்குப் பிறகு தொடங்கிய ஆல்ட் எல்லாம் இந்த ஒரு விதியில் வெளியே போய்விடும்.

கார்டு பற்றிக் கேட்பது பழைய கணினிக்காரரைக் கழிப்பதற்கல்ல. நிறுவனத்திடம் நல்ல கணினி நிறைய இருக்கிறது. இல்லாதது ஜிடிஎக்ஸ் 1650 போட்ட நான்கு வருட மடிக்கணினியும், மின்சாரம் போய்ப்போய் வரும் ஊரின் இணைப்பும்தான். அதில் கேம் எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால் அவர்களுக்கு லாபம்.

தகுதியான விண்ணப்பங்களில் 80 பேர் தனியாகவும், 20 அணிகள் ஐந்தைந்து பேராகவும் வந்திருக்கின்றன என்று கொள்வோம். மொத்தம் 180 பேர். நான்கு கீயை இருப்பில் வைத்துவிட்டால் மீதி 36. ஐந்து பேருக்கு ஒரு கீ என்ற விகிதம் வருகிறது. தனியாக வந்தவர்களுக்கு 16, நான்கு அணிகளுக்கு 20. அணியாக வந்தாலும் தனியாக வந்தாலும் ஒருவரின் வாய்ப்பு 20 சதவீதமே. அணிகளைத் தனியே எடுப்பதற்குக் காரணம் உண்டு. 36 கீயும் முன்பின் தெரியாத 36 பேருக்குச் சிதறினால், இரவு பத்து மணிக்கு ஒன்றாக ஆட ஐந்து பேர் தேறமாட்டார்கள். ஆட்டமே நடக்காத பீட்டாவில் பிழை எங்கே தென்படும்?

இப்போது குடம். சக்கரம் சுழற்றும் இணையப் பக்கத்தை வைத்துத் திரையைக் காட்டினால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். காட்டுவதற்கு முன்பு எத்தனை முறை சுழற்றிப் பார்த்தார் என்பது யாருக்கும் தெரியாதே. இதைவிட உறுதியான வழி எளிமையானது. தனியாக வந்தவர்களுக்கு 1 முதல் 80, அணிகளுக்கு 1 முதல் 20 என்று வரிசை எண் போட்டுப் பட்டியலை வெளியிடுங்கள். திருத்தம் சொல்ல ஒரு நாள் கொடுத்துப் பூட்டிவிடுங்கள். "நாளை மறுநாள் சென்செக்ஸ் முடிவடையும் புள்ளியில் தசமத்துக்குப் பிறகு வரும் இரண்டாவது இலக்கம்தான் தீர்ப்பு" என்று முன்கூட்டியே எழுதிவையுங்கள். 1 அல்லது 6 என்றால் முதல் எண்ணிலிருந்து, 2 அல்லது 7 என்றால் இரண்டாவதிலிருந்து, 3 அல்லது 8 மூன்றாவது, 4 அல்லது 9 நான்காவது, 5 அல்லது 0 ஐந்தாவது. அங்கே தொடங்கி ஐந்து ஐந்தாகத் தாவுங்கள். இலக்கம் 8 என்றால் 3, 8, 13, 18 என்று 78 வரை: சரியாக 16 பேர். அணிகளில் 3, 8, 13, 18: சரியாக நான்கு. அந்த இலக்கத்தை நிர்வாகியால் மாற்ற முடியாது. யார் வேண்டுமானாலும் செய்தித்தாளைப் பார்த்துச் சரிபார்க்கலாம். உள்ளே இருப்பதை அறியாத சிறுவன் கிடைத்துவிட்டான்.

எண் வகுபடாமல் 77 என்று வந்தால்? மூன்று வெற்று வரி சேர்த்து 80 ஆக்கிக்கொள்ளுங்கள். வெற்று வரி தேர்வானால் அந்தக் கீ இருப்புக்குப் போகட்டும். அடுத்த எண்ணுக்கு உரியவர்கள் காத்திருப்போர் பட்டியல்: இலக்கம் 3 தொடக்கமென்றால் 4, 9, 14 என்று வருபவர்கள், அதே வரிசையில்.

இந்தப் பகுதியை ஒரு மூச்சில் சொல்வதானால்: அனுமதியைக் கேள், தகுதியை முன்பே சொல், பட்டியலைப் பூட்டு, யார் கையிலும் இல்லாத ஓர் எண்ணால் எடு.

## கையில் சேர்க்கும்போது கவனம்

தேர்வானவருக்கு உடனே கீயை அனுப்பாதீர்கள். முதலில் "தேர்வாகியிருக்கிறீர்கள், 24 மணி நேரத்துக்குள் சம்மதம் சொல்லுங்கள்" என்று மட்டும் அனுப்புங்கள். பதில் வந்த பிறகே கீ. காரணம், அனுப்பிய கீயைத் திரும்ப வாங்க வழி கிடையாது. பதில் சொல்லாதவர் பெட்டியில் அது தூங்கும், காத்திருப்பவருக்கும் கிடைக்காது.

கீயைத் தனிச் செய்தியில், எழுத்தாக அனுப்புங்கள். படமாக அனுப்பினால் எட்டையும் பி-யையும் குழப்பிக்கொள்வார்கள். யாருக்கு எது போனது என்ற பதிவேட்டில் கீயின் கடைசி நான்கு எழுத்து போதும். முழுக் கீயும் உள்ள தாளைப் பத்துப் பேர் திறக்கக்கூடிய இணைப்பில் வைப்பது, சாவியைக் கதவிலேயே தொங்கவிடுவது போல.

ரிடீம் செய்வது இப்படி: கணினியில் ஸ்டீமைத் திறந்து, கீழே இடது மூலையில் உள்ள 'ஆட் எ கேம்' என்பதை அமுக்கி, 'ஆக்டிவேட் எ ப்ராடக்ட் ஆன் ஸ்டீம்' என்பதைத் தேர்ந்து, கீயை ஒட்ட வேண்டும். ஏற்கவில்லை என்றால் செய்தியை முழுதாகப் படியுங்கள். ஏற்கெனவே பயன்பட்டது என்று வந்தால் கீ வேறொருவரிடம் போய்விட்டது. இருப்பிலிருந்து ஒன்று தரலாம், ஆனால் பழைய கீயின் கடைசி எழுத்துகளை நிறுவனத்துக்குச் சொல்லி, உண்மையிலேயே பயன்பட்டுவிட்டதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும். அவர்களால் பார்க்க முடியும். நாட்டுக் கட்டுப்பாடு என்று வந்தால் விபிஎன் (வேறு நாட்டில் இருப்பதாகக் காட்டும் மென்பொருள்) போட்டு உடைக்கப் பார்க்காதீர்கள், கணக்குக்குத்தான் கேடு.

## ஏமாற்றுபவர் எப்படி வருவார்?

பற்றாக்குறை இருக்கும் இடத்தில் கள்ளச்சந்தை இருக்கும். 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் அழைப்பு வழியாக மட்டும் தொடங்கியபோது, அந்த இலவச அழைப்புகளே ஈபேயில் ஏலம் போயின. பீட்டாவிலும் அதேதான். விலைக்கு வரும் கீ பெரும்பாலும் திருடியதோ, ஏற்கெனவே ரிடீம் ஆனதோ, வெறும் எழுத்துக் கோவையோ. உண்மையான கீயாகவே இருந்தாலும், விற்றது தெரிந்தால் நிறுவனம் ரத்து செய்யும். பணம் திரும்பி வராது.

மிகவும் பரவலான தந்திரம் போலி உள்நுழைவுப் பக்கம். "பீட்டாவுக்கு நீங்கள் தேர்வு" என்று நண்பரின் கணக்கிலிருந்தே செய்தி வரும். அவர் கணக்கு ஏற்கெனவே பறிபோயிருக்கும். இணைப்பைத் திறந்தால் ஸ்டீம் போலவே ஒரு பெட்டி, பெயரும் கடவுச்சொல்லும் கேட்கும். சில நேரம் அந்தப் பெட்டி உண்மையான சாளரமே அல்ல, பக்கத்துக்குள் வரைந்த படம். அதை இழுத்து உலாவியின் எல்லைக்கு வெளியே கொண்டுபோகப் பார்த்தால் நகராது. உண்மையான கீக்கு எந்தப் பக்கத்திலும் உள்நுழையத் தேவையில்லை, ஸ்டீம் செயலிக்குள்ளேயே அடிக்கலாம். மொபைலில் இதன் அண்ணன், ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக நிறுவும் ஏபிகே கோப்பு: "பிளே ஸ்டோரில் வருவதற்கு முன்பே இதைப் போட்டுக்கோ" என்று வருவது. நிறுவனத்தின் சொந்தப் பக்கத்திலிருந்து அல்லாமல் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஏபிகே எதையும் நிறுவக்கூடாது. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வாங்கிக்கொண்டால் வங்கி ஓடிபியும் அதற்குத் தெரியும்.

## சொட்டு வாங்கியவர் சொல்ல வேண்டியது

"லேக் ஆகுது, சரி பண்ணுங்க" என்பது "நல்லாருக்கு" என்பதற்குச் சமம். பயன்படும் பிழைக் குறிப்பில் ஐந்து விவரம் இருக்கும்: எந்தப் பதிப்பு, எந்தக் கணினி, என்ன செய்துகொண்டிருந்தீர்கள், என்ன நடக்க வேண்டும், என்ன நடந்தது. மறுபடி செய்து பார்த்தபோது எத்தனை முறைக்கு எத்தனை முறை வந்தது என்பதையும் சேர்த்தால் தங்கம். "பதிப்பு 0.4.2, 8 ஜிபி ரேம், இரண்டாவது வரைபடத்தில் ஏணியில் ஏறும்போது ஆயுதம் மாற்றினால் பாத்திரம் சுவருக்குள் போய்விடுகிறது, ஐந்து முறையில் நான்கு முறை" என்று வந்தால் நிரலாளர் அதே நாளில் அதைத் தேடிப் பிடிப்பார். பிங் (சர்வருக்குப் போய்த் திரும்ப ஆகும் நேரம்) பற்றி எழுதுவதானால் எந்த ஊரிலிருந்து, எந்த சர்வருக்கு, எத்தனை மில்லிசெகண்ட் என்று எழுதுங்கள். ஐரோப்பாவில் மட்டும் சர்வர் இருந்தால் சென்னையிலிருந்து 150-ஐத் தாண்டுவது தூரத்தின் விளைவு. கேமின் பிழை அல்ல.

பீட்டாவில் சேர்த்த நிலைகளும் பொருட்களும் முடிவில் பெரும்பாலும் அழிக்கப்படும், வைப் என்பார்கள். இதைத் தேர்வான நாளிலேயே சொல்லிவிடுங்கள், பிறகு வருத்தம் வராது. என்டிஏ இருந்தால் பிழையின் படத்தைக்கூடக் குழுவில் போடக்கூடாது, நிறுவனம் சொன்ன இடத்தில் மட்டும்.

முதல் வாரம் முடிந்ததும் பதிவேட்டைத் திறந்து பாருங்கள். கீ வாங்கி ஒருமுறைகூட உள்ளே போகாதவர், ஒரு குறிப்பும் எழுதாதவர் யார் என்று தெரியும். விசாரித்துவிட்டு, உடம்பு சரியில்லை, தேர்வு வந்துவிட்டது என்றால் விடுங்கள். வெறுமனே வாங்கி வைத்திருந்தால் அடுத்த இரண்டு பீட்டாவுக்குப் பட்டியலில் பெயர் வேண்டாம். இந்த முறை நன்றாக எழுதிக் கொடுத்தவரும் அடுத்த குலுக்கலில் ஒருமுறை ஒதுங்கட்டும், புதியவருக்கு வழி கிடைக்கும்.

இருப்பில் வைத்த நான்கு கீயில் இரண்டாவது வாரத்திலும் ஏதாவது மிஞ்சியிருந்தால் காத்திருப்போர் பட்டியலின் முதல் பெயரிலிருந்து கொடுத்துவிடலாம். சோதனை முடிவதற்கு மூன்று நாள் முன்பு கொடுக்கும் கீயால் யாருக்கும் பயனில்லை, நிறுவும் பதிவிறக்கமே ஒரு நாளைத் தின்றுவிடும். அப்படி மிஞ்சியவற்றை, பதிவேட்டோடு சேர்த்து, "இவை பயன்படவில்லை, ரத்து செய்துகொள்ளுங்கள்" என்று நிறுவனத்துக்கே திருப்பி எழுதிவிடுங்கள்.